மூதேவி என்றால் சிரிக்கிறோம், இன்னொன்றுக்கு ஏன் கை ஓங்குகிறோம்?

பெண்ணைச் சம்பந்தப்படுத்தித் திட்டும் சொற்கள் எத்தனையோ இருக்க, அவற்றில் சிலவற்றை மட்டும் ஏன் காதுகொடுத்துக் கேட்க முடிவதில்லை? ஆணைத் திட்டும் சொற்களுக்கு ஏன் அந்தச் சூடு இல்லை? இதுதான் கேள்வி. நான் பல வருடங்களாக சப்டைட்டில் எழுதிப் பிழைக்கிறவன். வேற்றுமொழிப் படத்தில் ஒருவன் வாய்விட்டுத் திட்டினால், அதைத் தமிழில் எந்தப் படியில் இறக்கி வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வது என் அன்றாட வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். சில சொற்களை எழுதித்தான் ஆக வேண்டும். சிலவற்றை எழுதாமல் விட்டாலும் உங்கள் மனசுக்குள் தானாக ஒலித்துவிடும்.

இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். மூதேவி, தேவடியாள். இரண்டும் பெண்ணைக் குறிப்பவை. இரண்டிலும் தெய்வம் இருக்கிறது. ஒரு காலத்தில் இரண்டுமே வசவு இல்லை.

மூதேவி என்றால் மூத்த தேவி. லட்சுமிக்கு அக்கா. பல்லவர், சோழர் காலக் கோயில்களில் அவளுக்குச் சிலை வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். ஆனால் வள்ளுவரிடம் ஆள் கொஞ்சம் இறங்கியே தெரிகிறாள். பொறாமைக்காரனைத் திருமகள் தன் ‘தவ்வை’யிடம், அதாவது அக்காவிடம், காட்டிவிட்டுப் போய்விடுவாள் என்கிறது 167-ஆம் குறள். சோம்பலில் குடியிருப்பவள் ‘மாமுகடி’, அதாவது இதே மூதேவி, என்கிறது 617. இன்றைக்கு எட்டு மணிவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிற பிள்ளையை, அது ஆணோ பெண்ணோ, அம்மா எழுப்பும் சொல் மூதேவி. திட்டுகிறவருக்கும் கோபம் முழுதாக இல்லை, வாங்குகிறவருக்கும் வலி இல்லை.

தேவடியாள் என்பது ‘தேவர் அடியாள்’. இறைவனின் தொண்டர். சோழர் கல்வெட்டுகளில் தேவரடியார் என்று மரியாதையாகவே வருகிறது. கோயிலுக்கு நிலமும் பொன்னும் கொடுத்த தேவரடியார்கள் பெயரெல்லாம் கல்லில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் அமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல் மகளிரை, இன்னார், இந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பொறித்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வீடு, வருடத்துக்கு 100 கலம் நெல். அரசர்களும் கோயில் வருமானமும் போய், பணக்காரர்களை அண்டிப் பிழைக்க வேண்டிய நிலை வந்தபோது சொல்லும் கூடவே சரிந்தது. 1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதை, அதாவது பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதை, தடைசெய்து சட்டம் வந்துவிட்டது. வழக்கம் போனது. சொல் மட்டும், அந்த வாழ்க்கையைக் கண்ணால்கூடப் பார்த்திராத பேரப்பிள்ளைகளின் வாயில் தமிழின் மிக மோசமான வசவாகத் தங்கிவிட்டது.

இதில் ஒரு கூத்து உண்டு. இதே ‘அடி’யிலிருந்து வந்த அடியார் என்ற சொல்லுக்கு எந்தக் களங்கமும் ஒட்டவில்லை. சுந்தரர் ‘அடியார்க்கும் அடியேன்’ என்று பாடியது இன்றும் பக்தியோடு ஓதப்படுகிறது. ஒரே தொண்டு, ஒரே தெய்வம். ஆண் பக்கம் சொல் கோயிலுக்குள்ளேயே நின்றது, பெண் பக்கம் சாக்கடைக்குப் போனது.

ஆங்கிலத்திலும் இதே சரிவு உண்டு. மாஸ்டர் என்றால் தலைவன், தேர்ந்தவன். அதன் பெண்பாலான மிஸ்ட்ரஸ், வைப்பாட்டி ஆனது. சர் என்பது இன்னமும் சர்தான். மேடம் என்பதற்கோ விபசார விடுதி நடத்துகிறவள் என்று ஒரு பொருள் முளைத்தது. வீட்டை ஆளும் பெண்ணைக் குறித்த ஹவுஸ்வைஃப் தேய்ந்து, ஹஸி என்று அடங்காதவளைத் திட்டும் சொல்லாயிற்று. ஹார்லட் என்பது முதலில் ஊர்சுற்றும் ஆணுக்குச் சொன்னது, பிறகு பெண்ணிடம் வந்து வேசி என்றானது. மியூரியல் ஷுல்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1975-ல் இப்படிப்பட்ட சொற்களைத் திரட்டிக் காட்டினார். பெண்ணைக் குறிக்கும் சொல் நல்லதாகவோ நடுநிலையாகவோ பிறந்தாலும், நாளடைவில் படுக்கையறைப் பக்கம் தள்ளப்படுகிறது என்பது அவர் கண்டது.

சரி, மூதேவியும் சரிந்தாள், தேவடியாளும் சரிந்தாள். ஒன்று ஆறிவிட்டது, இன்னொன்று ஏன் இன்னும் கொதிக்கிறது?

நான் கண்ட வரையில் ஒரு சொல்லின் சூட்டை அளக்க ஒரே ஒரு கேள்விதான். திட்டியதை ஊர் நம்பிவிட்டால் திட்டு வாங்கியவருக்கு என்ன ஆகும்? மூதேவி என்றதை நம்பினால், ‘அவ கொஞ்சம் சோம்பேறி’ என்பார்கள். அவ்வளவுதான். மற்றதை நம்பினால் கல்யாணம் நின்றுபோகும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள், பிள்ளைகளின் அப்பன் யார் என்ற பேச்சு வரும், சில இடங்களில் உயிரே போகும். அந்தச் சொல்லின் பின்னால் இத்தனை தண்டனையும் வரிசையில் நிற்கிறது. காதில் விழுவது ஒரு சொல்தான், கேட்கிறவர் அந்த வரிசையைத்தான் பார்க்கிறார்.

அடுத்து, ஆணைத் திட்டும் சொற்களைக் கவனியுங்கள். பொறுக்கி, திருடன், மடையன், குடிகாரன், ஊதாரி. எல்லாம் அவன் செய்கிற காரியத்துக்கு வைத்த பெயர்கள். நாளைக்குத் திருந்தினால் பெயரும் போய்விடும். பெண்ணைத் திட்டும் சொற்களில் ஒரு பெரிய பகுதி அவள் செய்யாத காரியத்துக்கானது. முண்டை, அறுதலி: புருஷன் செத்துப்போனான். வாழாவெட்டி: புருஷன் வீட்டில் வாழ முடியாமல் போனது. மலடி: குழந்தை பிறக்கவில்லை. இவற்றில் எதற்கும் அவள் திருந்த வழியே இல்லை. மனைவியை இழந்தவனின் நிலைக்குத் தொல்காப்பியம் ‘தபுதாரம்’ என்று ஒரு சொல் வைத்திருந்தது. அதை யாரும் வசவாக்கவில்லை, பலருக்கு அது ஞாபகத்தில்கூட இல்லை. மனைவியைப் பிரிந்த ஆணுக்கு ‘வாழாவெட்டன்’ என்று ஒரு சொல் இருக்கிறதா? எழுதிப் பார்த்தாலே சிரிப்பு வருகிறது.

நடத்தை விஷயத்தில் இன்னும் வேடிக்கை. நாலு பெண்களோடு சுற்றுகிறவனுக்கு நம்மிடம் இருந்த சொல் ‘மைனர்’. சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு, செயின் தெரிய நடந்து வருகிற ஆளைக் கண்முன் கொண்டுவருகிற, கொஞ்சம் செல்லமான சொல். அதே காரியத்தைச் செய்த பெண்ணுக்கு மைனரின் இடத்தில் வைக்க ஒரு செல்லச் சொல்லைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. வசவுகளோ வரிசை கட்டி வரும்.

ஆணை உண்மையாகவே சுடுகிற சொல் எதுவுமே இல்லையா? உண்டு. அங்கேதான் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. அவனைச் சுடும் சொற்களும் பெண் வழியாகத்தான் போகின்றன. ஒரு வழி, அவனையே பெண் என்பது: பொட்டை, ‘சேலை கட்டிக்கோ’, ‘வளையல் போட்டுக்கோ’. இன்னொரு வழி, அவன் வீட்டுப் பெண்ணை இழுப்பது.

தாயை இழுக்கும் வசவை இலக்கணக் கண்ணோடு பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ‘ங்கொம்மாள’ என்கிறார்களே, அதைப் பிரித்தால் ‘உங்கள் அம்மாளை’. அவ்வளவுதான். கெட்ட வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. இருப்பது ஒரு முன்னிலைப் பெயர், ஒரு உறவுப் பெயர், ‘ஐ’ என்ற இரண்டாம் வேற்றுமை உருபு. வாக்கியம் அங்கேயே நின்றுவிடுகிறது. பயனிலையைச் சொல்லவே இல்லை. அதைக் கேட்கிறவன் தன் மனசுக்குள் தானே போட்டு நிரப்பிக்கொள்கிறான், உடனே சட்டையைப் பிடிக்கிறான். ஒரு வேற்றுமை உருபுக்காக மண்டை உடைகிற மொழி நம்முடையது.

இதே இடத்தில் அப்பாவை வைத்துப் பாருங்கள். ‘உங்கப்பன் வீட்டுச் சொத்தா?’ என்பதுதான் நமக்கு முதலில் வாயில் வருவது. அப்பன் வந்தால் பேச்சு சொத்துக்குப் போகிறது, அம்மா வந்தால் உடம்புக்குப் போகிறது. ஆணின் மானம் எங்கே பத்திரப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சாட்சி வேண்டியதில்லை. சண்டையில் சம்பந்தமே இல்லாத ஒருத்தி, வீட்டில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவள், அவள் உடம்புதான் இரண்டு ஆண்களின் போர்க்களம். தன்னைத் திட்டினால் பொறுத்துக்கொள்கிறவன் தாயைத் திட்டினால் பொறுக்க மாட்டான் என்பதைப் பாசம் என்று சொல்வோம். பாசமும் இருக்கலாம். ‘என் பொறுப்பில் இருப்பவளைக் காக்கத் தெரியாதவன் என்று சொல்லிவிட்டானே’ என்ற கோபம் அதைவிடப் பெரிய பங்கு என்பது என் எண்ணம். பாசம் மட்டும்தான் காரணம் என்றால் அப்பாவைச் சொன்னாலும் அதே வேகம் வந்திருக்க வேண்டும்.

ஆங்கிலத்தின் பிட்ச் இதை இன்னொரு கோணத்தில் காட்டும். பெண்நாய் என்ற பொருளுள்ள அந்தச் சொல்லைப் பெண்களைத் திட்ட 600 வருடங்களாகப் பயன்படுத்துகிறார்கள். பெண்ணைச் சொன்னால் ‘ரொம்ப ஆட்டம் போடுகிறாள், அடங்க மாட்டேன் என்கிறாள்’ என்று அர்த்தம். ஆணைச் சொன்னால் ‘அடங்கிப் போகிறவன், முதுகெலும்பு இல்லாதவன்’ என்று அர்த்தம். ஒரே சொல், எதிரெதிர்க் குற்றச்சாட்டு. இருவரும் அவரவருக்கு விதித்த படியில் நிற்கவில்லை என்பதுதான் பொதுக் குற்றம். நம்மிடம் ஆணுக்குப் பொட்டை, பெண்ணுக்கு அடங்காப்பிடாரி. பிடாரியும் ஒரு ஊர்க்காவல் தெய்வம் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். அம்மனாக இருந்தால் கும்பிடலாம், அண்டை வீட்டில் இருந்தால் வசவு. அந்த இரண்டு படிகளுக்கும் நடுவே நிற்பவர்களுக்கு விழுந்த அடி இன்னும் பலமானது. திருநங்கைகளை ஓர் எண்ணைச் சொல்லிக் கேலி செய்வார்கள். எண்ணில் என்ன அசிங்கம் இருக்க முடியும்? அந்த எண் காதில் விழுந்த பிறகு அவர்கள்மேல் விழுந்த கல்லும் கையும்தான் அதை வசவாக்கின.

உடலுறுப்புகளின் பெயர்களுக்கு வருவோம். பலர் நினைப்பது, உறுப்பு அந்தரங்கமானது, அதனால் சொல்லும் ஆபாசம் என்று. அப்படியானால் எல்லா மொழியிலும் ஒரே அளவு ஆபாசமாக இருந்திருக்க வேண்டும். பெண்ணுறுப்பைக் குறித்த ஒரே லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சில் ‘கொன்’ வந்தது, ஸ்பானியத்தில் ‘கோன்யோ’ வந்தது. பிரெஞ்சில் இன்று அதற்கு முட்டாள் என்று பொருள். ஸ்பெயினில் கதவில் விரல் நசுங்கினால் பாட்டிகூடச் சொல்லிவிடுவார். அதே உறுப்புக்கான ஆங்கிலச் சொல்லோ, பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2016-ல் மக்களிடம் கேட்டு அடுக்கிய பட்டியலில் மிகக் கடுமையான வரிசையில் இருந்தது. இத்தனைக்கும் 1400 வாக்கில் எழுதப்பட்ட ஆங்கில அறுவை மருத்துவ நூலில் அது எந்தக் கூச்சமும் இல்லாமல் வருகிறது. பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி தொகுத்தவர்களே அதைச் சேர்க்கத் துணியவில்லை, 1972-ல் வந்த துணைத் தொகுதியில்தான் இடம் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் ஸ்காட்லாந்திலும் நண்பர்கள் அதைச் சிரித்துக்கொண்டே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். உறுப்பு மாறவில்லை. அதைச் சுற்றிய வெட்கமும் தண்டனையும்தான் இடத்துக்கு இடம் மாறியிருக்கின்றன.

நம் பக்கத்து உதாரணம் மயிர். ‘மயிர்நீப்பின் வாழாக் கவரிமா’ என்று வள்ளுவர் மானத்தைப் பற்றிச் சொல்லக் கையாண்ட சொல். வகுப்பில் அந்தக் குறளை வாசிக்கும்போது பையன்கள் ஏன் குனிந்து சிரிக்கிறார்கள் என்று ஆசிரியருக்கும் தெரியும். இது ஆண் பெண் இருவருக்கும் பொதுவான சொல். அதனாலோ என்னவோ சூடு குறைந்து, இப்போது வெறும் எரிச்சலைக் காட்டுவதோடு நின்றுவிட்டது. வீட்டுக்குள் இன்னொன்றைக் கவனித்திருப்பீர்கள். குளிப்பாட்டும்போது ஆண் குழந்தையின் உறுப்புக்குக் குஞ்சு, குஞ்சாமணி என்று கொஞ்சல் பெயர் உண்டு, விருந்தாளி முன்னாலேயே சொல்வார்கள். பெண் குழந்தைக்கு எத்தனை வீட்டில் அப்படி ஒரு பெயர் இருக்கிறது? ‘அங்கே’, ‘கீழே’ என்று இடத்தைச் சுட்டுவதோடு சரி. கொஞ்சல் பெயர் இல்லாத உறுப்புக்கு மிஞ்சுவது வசவுப் பெயர் மட்டும்தான். அந்தக் குழந்தை தன் உடம்பின் பெயரை முதல்முதலாக எங்கே கேட்கும்? தெருச்சண்டையில்.

இந்த மறைப்பு நேற்று வந்ததில்லை என்பதும் உண்மை. அவையில் சொல்லக் கூடாததை ‘அவையல் கிளவி’ என்றும், அதை மறைத்தே சொல்ல வேண்டும் என்றும் தொல்காப்பியம் சொல்லிவிட்டது. நன்னூல் அதற்கு இடக்கரடக்கல் என்று பெயர் வைத்தது.

ஒலிக்கும் இதில் பங்கு உண்டா என்று சிலர் கேட்பார்கள். ஷிரி லெவ்-ஆரி, ரயன் மெக்கே என்ற இரு ஆய்வாளர்கள் 2022-ல் ஒன்றுக்கொன்று தூரமான சில மொழிகளை எடுத்துப் பார்த்ததில், வசவுகளில் ய, ர, ல, வ போன்ற ஒலிகள் குறைவு என்று தெரிந்தது. நம் இலக்கணத்தில் அப்படியே இடையினம்! வசவை மழுப்பிச் சொல்லும்போது இந்த ஒலிகள் வந்து சேர்ந்துகொள்கின்றன என்றும் கண்டார்கள். ங்கொய்யால என்ற நம் மழுப்பல் சொல்லில் யகரமும் லகரமும் கொழகொழவென்று இருப்பதைப் பார்த்தால் ஆமாம் போட்டுவிடலாம். ஆனால் தேவடியாள் என்பதில் வ, ய, ள மூன்றும் இருக்கிறதே? ஒலி கொஞ்சம் கூட்டிக் குறைக்கும், அடுப்பு வேறெங்கோ எரிகிறது.

என் தொழிலில் தினமும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ‘சன் ஆஃப் எ பிட்ச்’ என்பதைத் தமிழில் என்னவென்று எழுதுவது? ஆங்கிலத்தில் அது தேய்ந்துபோன சொல், வண்டி கிளம்பாவிட்டால் வண்டியைக்கூடச் சொல்வார்கள். அமைப்பில் அதற்கு நேரானது நம் தாய்வழி வசவுதான். அதைப் போட்டால், திரையில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருக்கையில் பார்க்கிறவருக்குத் தூக்கிவாரிப்போடும். ‘நாயே’ என்று போட்டால் ஆள் சேதமில்லாமல் தப்பித்துக்கொள்வான். நாயைச் சொல்லும் நம் வசவில் பெண்ணே இல்லை, அதனால் அது லேசு. முக்கால்வாசி நேரம் நாயைத்தான் போடுகிறேன்.

ஆங்கில வசவை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்கிறவர்கள் தமிழில் சொல்லக் கூசுவதும் இதோடு சேர்ந்தது. துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலம் கற்றவர்களிடம் 2003-ல் வெளியான ஓர் ஆய்வு நடந்தது. தோலில் ஓடும் மின்கடத்தலை அளந்தபோது, வசவுகளுக்கும் சின்ன வயதில் வாங்கும் ஏச்சுகளுக்கும் தாய்மொழியில்தான் உடம்பு அதிகம் துடித்தது. அந்நிய மொழி வசவின் பொருள் நமக்குத் தெரியும். அதற்காக அடி வாங்கிய ஞாபகம் மட்டும் கிடையாது.

யார் யாரிடம் சொல்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. ‘டா’வும் ‘டி’யும் வசவே இல்லை, வெறும் விளி. முன்பின் தெரியாதவன் ‘என்னடா’ என்றால் ஆணுக்குக் கோபம் வரும், ‘நீ யாருடா’ என்று திருப்பிக் கேட்பான், கணக்குச் சரியாகிவிடும். முன்பின் தெரியாதவன் ‘என்னடி’ என்றால் பெண்ணுக்குக் கோபத்தோடு ஒரு பயமும் வரும். அம்மாவும் கணவனும் தோழியும் எடுத்துக்கொள்ளும் உரிமையை இவன் எடுத்துக்கொண்டுவிட்டான், அடுத்து எதை எடுத்துக்கொள்வான் என்ற பயம். திருப்பி ‘டா’ போட்டாலும் கணக்கு நேராவதில்லை.

‘அப்படியானால் பெண்களே இந்தச் சொற்களைக் கையில் எடுத்துக்கொண்டால் மழுங்கிவிடாதா?’ என்று கேட்கலாம். முயன்றிருக்கிறார்கள். பெண்கள் ‘ஸ்லட்’ (நடத்தை கெட்டவள்) போல உடுத்தாமல் இருந்தால் பாதுகாப்பு என்று டொரான்டோவில் ஒரு போலீஸ்காரர் பேசப்போக, 2011-ல் அந்தச் சொல்லையே பெயராக வைத்துப் பெண்கள் ஊர்வலம் போனார்கள், அது பல நாடுகளுக்கும் பரவியது. ஊர்வலம் வென்றது, சொல் அப்படியொன்றும் மழுங்கவில்லை. ஒருபாலீர்ப்பாளர்களைத் திட்டப் பயன்பட்ட குவீர் என்ற ஆங்கிலச் சொல் மட்டும் வசவிலிருந்து நிமிர்ந்து பெருமைச் சொல்லானது. சட்டமும் சமூகமும் அந்த மக்களை நடத்தும் விதம் ஓரளவு மாறியது அதற்குக் கைகொடுத்தது. சொல்லை எத்தனை முறை சொன்னார்கள் என்பதைவிட, அந்தத் தண்டனை வரிசையில் இன்னும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

என் பெரியம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பாலைக் குடித்துவிட்டுப் போகும் பூனையையும் முண்டை என்பார், உருண்டு உருண்டு விழும் அம்மிக் குழவியையும் முண்டை என்பார், எங்களையும் சொல்வார். வீட்டில் யாருக்கும் அது உறைத்ததே இல்லை. பெரியப்பா போன பிறகு பதினோரு வருடம் இருந்தார். பூனை வழக்கம்போல வந்துகொண்டுதான் இருந்தது. சனியனே என்பார், திருட்டுக் கழுதை என்பார். பழைய சொல் ஒரே ஒரு முறை உதடுவரை வந்தது. ‘மு’ என்று தொடங்கியவர் அப்படியே நிறுத்திவிட்டு, பாத்திரத்தை மூடி வைக்கப் போனார்.